தம்பியோட ஸ்போர்ட்ஸ் சீட்டும் அவன் இன்ஸ்டா அக்கவுண்டும்: மாசம் 15,000 ரூபாய் கணக்கு



எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ், ஹோம் லோன்னு பேசுற இடத்துல இன்னைக்கு என்ன இன்ஸ்டாகிராம்னு நினைப்பீங்க. வீடியோல இதைச் சுருக்கமா சொல்லிட்டேன். ஆனா சட்டம், வரி சம்பந்தப்பட்ட விஷயங்களை அங்க விரிவா சொல்ல முடியல. அதனால இந்தப் பதிவு. தைரியமா படிங்க, இதுவும் பணக் கணக்குதான்.

உங்க ஊர் கம்பம்னு வெச்சுக்குவோம். இல்ல சின்னமனூர், உத்தமபாளையம், கூடலூர். நீங்க சென்னையிலயோ பெங்களூர்லயோ வேலை பார்க்கிறீங்க. அப்பாவுக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம். விலை நல்லா போனா ஒரு வருஷம் சிரிப்பு, மழை தப்பான நேரத்துல பெய்ஞ்சா அடுத்த வருஷம் கடன். தம்பி பிளஸ் டூ முடிச்சிட்டான். நல்லா கபடி ஆடுவான், இல்லன்னா கூடைப்பந்து. நம்ம மாவட்டத்துக்குக் கூடைப்பந்து புதுசு இல்ல. பெரியகுளத்துல சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துற அகில இந்தியப் போட்டியைப் பார்த்தே வளர்ந்த பசங்க எத்தனையோ பேர். உங்க தம்பியும் மாநில அளவுல ஆடி சர்டிபிகேட் வெச்சிருக்கான். ஒரு தனியார் கல்லூரியில ஃபீஸ் இல்லாம, ஹாஸ்டலும் சாப்பாடும் இலவசமா சேர்த்துக்கிறோம்னு சொல்லிட்டாங்க.

இப்ப கணக்கு. உதாரணத்துக்கு டியூஷன் ஃபீஸ் வருஷத்துக்கு 1,00,000 ரூபாய், ஹாஸ்டலும் மெஸ்ஸும் சேர்த்து 80,000. நாலு வருஷத்துக்கு 7,20,000. அதை 48 மாசத்தால வகுத்துப் பாருங்க. மாசம் 15,000 ரூபாய். அந்த சீட்டு இல்லன்னா இது யார் அக்கவுண்ட்ல இருந்து போகும்? உங்க சம்பளத்துல இருந்துதான். கல்விக்கடன் வாங்கலாம்னு சொன்னா, 7.2 லட்சத்துக்கு 10% வட்டி, 7 வருஷத் தவணைன்னா மாசம் கிட்டத்தட்ட 11,950 ரூபாய் இஎம்ஐ. மொத்தமா கட்டுறது 10 லட்சத்தைத் தாண்டும். படிக்கிற காலத்துல ஏறுற வட்டியை நான் இதுல சேர்க்கவே இல்ல. அதே 15,000 ரூபாயை நீங்க எஸ்ஐபி-ல போட்டு 12% கிடைச்சதுன்னு வைங்க (கிடைக்கும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது), நாலு வருஷத்துல சுமார் 9.27 லட்சம்.

தம்பியோட விளையாட்டு உங்க குடும்பத்துக்கு மாசம் 15,000 ரூபாய் சம்பாதிக்குதுன்னு புரியுதா? அந்த வருமானம் நிற்க ரெண்டு பெரிய காரணம் இருக்கு. ஒண்ணு முழங்கால். அது யார் கையிலயும் இல்ல. இன்னொண்ணு அவன் பாக்கெட்ல இருக்கிற போன்.

இந்த சீட்டு தர்ற கடிதத்தை ஒரு தடவை முழுசா படிங்க. பெரும்பாலும் சலுகை ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கணும்னு இருக்கும். "ஒழுங்கு", "நிறுவனத்தின் நற்பெயர்"னு ஒரு வரியும் இருக்கும். அந்த வரிக்குள்ள ஒரு ரீல்ஸும் அடங்கும். கடிதமே இல்லாம வாய்வார்த்தையா சொல்லியிருந்தா, எழுத்துல வாங்குங்க. அதுதான் முதல் வேலை.

லார்ட்ஸ்ல நடந்தது

2021 ஜூன் 2. லண்டன் லார்ட்ஸ் மைதானத்துல நியூசிலாந்துக்கு எதிரா இங்கிலாந்து ஆடுது. ஆலி ராபின்சன்னு ஒரு வேகப்பந்து வீச்சாளருக்கு அதுதான் முதல் டெஸ்ட். பாகுபாட்டுக்கு எதிரான டி-ஷர்ட் போட்டுட்டு டீமோட வரிசையில நின்னார். அன்னைக்கு ரெண்டு விக்கெட்டும் எடுத்தார். அதே நாள்ல அவரோட பழைய ட்வீட்டுகள் வெளிய வந்துச்சு. 18, 19 வயசுல எழுதினது. இனவெறியும் பெண்களைக் கேவலப்படுத்துறதுமான வார்த்தைகள். அன்னைக்கு சாயங்காலமே கேமரா முன்னாடி நின்னு மன்னிப்புக் கேட்டார்.

அந்த மேட்ச்ல ஏழு விக்கெட், 42 ரன். ஆனாலும் சஸ்பெண்ட் பண்ணாங்க. விசாரணை முடிஞ்சு எட்டு மேட்ச் தடை, அதுல அஞ்சு நிறுத்திவைக்கப்பட்டது, கூடவே 3,200 பவுண்ட் அபராதம். அதே வருஷம் ஆகஸ்ட்ல ஹெடிங்லில நம்ம டீமை உருட்டி ஆட்டநாயகன் ஆனாரே, அதே ஆள்தான்.

"அப்புறம் என்ன, திரும்பி வந்துட்டாரே"ன்னு தோணும். வந்தார். ஏன்னா தேசிய அணி வரைக்கும் ஏறிட்ட ஆள். பின்னாடி கிரிக்கெட் போர்டு, கவுண்டி கிளப், வக்கீல்னு ஒரு படையே இருந்தது. முறையா விசாரிச்சு, இவ்வளவுதான் தண்டனைன்னு அளந்து கொடுத்தாங்க. பிளஸ் டூ முடிச்சு கல்லூரி வாசல்ல நிக்கிற பையனுக்கு அப்படி எந்த விசாரணையும் நடக்காது. கோச் ஒரு ஸ்கிரீன்ஷாட் பார்ப்பார், லிஸ்ட்ல அடுத்த பேருக்குப் போயிடுவார். ஏன் கூப்பிடலன்னு உங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

"பப்ளிக்ல போட்டாத்தானே பிரச்சினை, நாங்க குரூப்ல மட்டும்தான் பேசுவோம்"னு பசங்க சொல்வாங்க. 2017-ல ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துல இடம் கிடைச்ச புது மாணவர்கள் சில பேர் ஃபேஸ்புக்ல தனியா ஒரு குரூப் ஆரம்பிச்சு ரொம்ப அருவருப்பான மீம்ஸ் போட்டுட்டு இருந்தாங்க. மூடின குரூப்தான். விஷயம் நிர்வாகத்துக்குப் போச்சு. குறைஞ்சது பத்துப் பேரோட அட்மிஷனை ரத்து பண்ணிட்டாங்க. வாட்ஸ்அப் குரூப்ல 60 பேர் இருந்தா அங்க 60 கேமரா இருக்குன்னு அர்த்தம்.

நம்ம பக்கத்து ஆபத்து வேற மாதிரி

இங்கிலாந்து, அமெரிக்கா கதையை விடுங்க. தேனி, மதுரைப் பக்கம் எனக்கு ரொம்பக் கவலை தர்றது சாதிப் பெருமை ரீல்ஸ். சொல்லக் கூச்சப்பட்டு பல பேர் இதைப் பேசுறதே இல்ல.

எப்படி நடக்கும்னு உங்களுக்கே தெரியும். ஊர்த் திருவிழாவுல கபடிப் போட்டி. டீம் ஜெயிக்குது. கப்பைத் தூக்கிட்டு வர்ற வீடியோவுக்குப் பின்னாடி ஒரு பாட்டு, கேப்ஷன்ல ஒரு பட்டப்பேரு. கீழே கமெண்ட்ல எதிர் டீம் ஊர்க்காரன் ஏதோ எழுத, நம்ம பையன் பதிலுக்கு எழுத, ரெண்டு மணி நேரத்துல அது விளையாட்டாவே இருக்காது. 2023-ல நாங்குநேரி சம்பவத்துக்கு அப்புறம் தமிழக அரசு நீதிபதி சந்துரு தலைமையில குழு போட்டதும், மாணவர்கள் கலர் கயிறு கட்டுறது வரைக்கும் தடை பண்ணச் சொல்லி அந்தக் குழு அறிக்கை கொடுத்ததும் ஞாபகம் இருக்கும். கையில கட்டுற கயிறாவது கழட்டினா போயிடும். ரீல்ஸ் போகாது.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருங்க. பிரிவுகளுக்கு இடையில பகையைத் தூண்டுற மாதிரி எழுதினா பாரதிய நியாய சன்ஹிதா 196-வது பிரிவுல மூணு வருஷம் வரை சிறை. பட்டியல் சாதி, பழங்குடி மக்களை அவமதிச்சா எஸ்சி, எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அதுல முன்ஜாமீனுக்கே தடை இருக்கு. இன்ஸ்பெக்டர் கூப்பிட்டுப் பேசி அனுப்பிடுவார்னு அசட்டையா இருக்க வேண்டாம்.

இதுல பணம் எங்க வருதுன்னா, தமிழ்நாட்டுல விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில 3% ஒதுக்கீடு இருக்கு. ரயில்வே, போலீஸ், வங்கி, வருமான வரித்துறைன்னு ஸ்போர்ட்ஸ் கோட்டா எடுக்கிற இடங்களும் இருக்கு. உங்க தம்பியோட நிஜமான லாபம் கல்லூரி ஃபீஸ்ல இல்ல, அங்கதான் இருக்கு. அந்த வேலைக்கெல்லாம் போலீஸ் வெரிஃபிகேஷன் உண்டு. வழக்கு நிலுவையில இருக்கான்னு படிவத்துல கேப்பாங்க. மறைச்சா, மறைச்சதே தனிக் குற்றமாப் போயிடும். 2016-ல அவதார் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவா பேசியிருக்கு. சின்ன வயசுல கோஷம் போட்ட மாதிரி அற்ப விஷயமா இருந்தா வேலை கொடுக்கிறவங்க மன்னிச்சு விடலாம், ஆனா தகவல் உண்மையா இருக்கணும்னு. ஒரு கமெண்ட்டுக்காக இந்த அளவுக்குப் போகணுமா?

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். கருத்தே சொல்லக்கூடாதுன்னு நான் சொல்லல. ஆன்லைன்ல எரிச்சலூட்டுற மாதிரி எழுதினாலே கைது பண்ண வழிவிட்ட 66ஏ பிரிவை 2015-லயே உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. மைதானத்துல குடிதண்ணி இல்லன்னு எழுதினா, தேர்வுல பாரபட்சம்னு ஆதாரத்தோட எழுதினா அது உரிமை. எதிர் டீமோட சாதியை இழுக்கிறது உரிமை இல்ல.

"ஒரு ஸ்டோரி போடுங்க ப்ரோ, 5,000 தர்றோம்"

பையனுக்கு எட்டாயிரம், பத்தாயிரம் ஃபாலோயர் சேர்ந்ததும் இன்பாக்ஸ்ல இந்த மெசேஜ் வரும். கேக்க நல்லா இருக்கும். 17 வயசுல 5,000 ரூபாய் பெரிய காசு. அனுப்புறது யாருன்னு பார்த்தா பெட்டிங் ஆப்.

2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் நிறைவேத்தின ஆன்லைன் கேமிங் சட்டத்துல, பணம் கட்டி ஆடுற ஆட்டங்களுக்கு விளம்பரம் பண்றதுக்கே ரெண்டு வருஷம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்னு இருக்கு. அந்த மாசமே இந்திய கிரிக்கெட் டீமோட ஜெர்ஸியில இருந்த ட்ரீம்11 பேரே போயிடுச்சு. அதே வருஷம் ஒன்எக்ஸ்பெட் ஆப் விவகாரத்துல சுரேஷ் ரெய்னா, ஷிகர் தவான் மாதிரி ஆட்களையே அமலாக்கத்துறை கூப்பிட்டு விசாரிச்சது. அவங்களுக்கு வக்கீல் வெக்க வசதி இருக்கு. 5,000 ரூபாய்க்கு ஸ்டோரி போட்ட பையனுக்கு யாரு வருவா? நீங்கதான் லீவு போட்டுட்டு பஸ் ஏறணும்.

இதுக்குப் பக்கத்துலயே இன்னொரு வலை: "உன் பேங்க் அக்கவுண்ட்டைக் கொஞ்ச நாள் யூஸ் பண்ணிக்கிறோம், கமிஷன் தர்றோம்." கல்லூரிப் பசங்களைக் குறிவெச்சு டெலிகிராம்லயும் இன்ஸ்டாவுலயும் வர்ற ஆஃபர். மோசடிப் பணம் அந்த அக்கவுண்ட் வழியா போகும். அக்கவுண்ட் முடங்கும், வழக்குல முதல் பேரு அவனோடது. தம்பியோட ஸ்டைபெண்டும் பரிசுப் பணமும் அதே அக்கவுண்ட்லதான் வரும்ங்கிறதை மறக்காதீங்க. செலக்‌ஷன் டிரயல்ஸ்னு சொல்லி ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கேக்குற மெசேஜும் அப்படித்தான். சந்தேகமா இருந்தா தேனியில இருக்கிற மாவட்ட விளையாட்டு அலுவலகத்துல நேரா கேட்டா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். பணம் போயிட்டா உடனே 1930-க்கு அடிங்க. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

மூணாவது, புரோட்டீன் பவுடர். இது சட்டத்துக்கு உட்பட்ட வியாபாரம்தான். "ஒரு டப்பா இலவசமா அனுப்புறோம், ஒரு ரீல் போதும்." பிரச்சினை டப்பாவுக்குள்ள இருக்கு. ஊக்கமருந்து விதியில "எனக்குத் தெரியாது"ங்கிற பதில் செல்லாது. உடம்புல என்ன இருந்தாலும் வீரர்தான் பொறுப்பு. லேபிள்ல எழுதாத பொருள் கலந்திருந்து டெஸ்ட்ல மாட்டினா ரெண்டு வருஷம், நாலு வருஷம்னு தடை போகும். கேலோ இந்தியா போட்டிகள்லயும் நாடா ஆட்கள் மாதிரி எடுக்கிறாங்க. அந்த டப்பாவைக் கையில புடிச்சு அவனே சிரிக்கிற வீடியோ ஊர் முழுக்க இருந்தா, அதை எப்பவோ ஒரு தடவைதான் சாப்பிட்டேன்னு எப்படி நம்ப வெப்பான்?

நல்ல ஸ்பான்சர் வந்தா?

வரட்டும், சந்தோஷம்தான். உள்ளூர் ஸ்போர்ட்ஸ் கடைக்காரர் ஷூ தர்றார், ஜெர்ஸி தர்றார்னா வாங்கிக்கலாம். மூணு விஷயம் மட்டும் பாருங்க.

பதினெட்டு முடியாத பையன் போடுற கையெழுத்துக்கு ஒப்பந்தச் சட்டத்துல மதிப்பே இல்ல. இது 1903-ல இருந்தே தீர்ந்துபோன விஷயம். அப்பா, அம்மாதான் அவனுக்காகப் பேசணும். அதனால "நீயே சைன் பண்ணு ப்ரோ"ன்னு சொல்ற கம்பெனிக்கு விவரம் தெரியல, இல்ல நல்ல எண்ணம் இல்ல. ரெண்டுல எதுவா இருந்தாலும் வேண்டாம். ஒப்பந்தத்துல அவன் போட்டோவை எத்தனை நாள், எங்கெல்லாம் பயன்படுத்தலாம்னு தேதியோட இருக்கணும். "என்றென்றைக்கும்"னு ஒரு வார்த்தை இருந்தா அடிச்சுட்டுக் கொடுங்க. ஒரு போட்டோவுக்கு என்ன பெரிய மதிப்புன்னு நினைக்காதீங்க. 2021-ல டோக்கியோவுல சிந்து வெண்கலம் வாங்கினதும், ஸ்பான்சரே பண்ணாத பல பிராண்டுகள் வாழ்த்துச் சொல்ற சாக்குல அவங்க போட்டோவைப் போட்டாங்க. அவங்களோட மேனேஜ்மென்ட் கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பிச்சு. முகமும் பேரும் சொத்து. சின்னதா இருந்தாலும் சொத்துதான்.

அடுத்து, இலவசமா வாங்கின பொருளைப் பத்திப் போடும்போது அது விளம்பரம்னு தெளிவா எழுதணும். காசு வாங்கலன்னாலும் ஷூ வாங்கினா அதுவும் கைம்மாறுதான். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத்தான் சொல்லுது. தவறான விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் வரை அபராதம் விதிக்க சட்டத்துல இடம் இருக்கு.

மூணாவது வரி. இது நம்ம ஏரியா. ஒரே கம்பெனிகிட்ட இருந்து வருஷத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல பொருளாவோ வசதியாவோ வந்தா 10% டிடிஎஸ் புடிக்கணும். 2022 ஜூலையில இருந்து இருக்கிற விதி. ரீல் எடுத்துட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுத்துட்டா அது வருமானம் இல்ல. வெச்சுக்கிட்டா வருமானம். இன்னொண்ணு பல பேருக்குத் தெரியாது. மைனர் பிள்ளையோட வருமானத்தைப் பொதுவா அப்பா அல்லது அம்மா வருமானத்தோடதான் சேர்ப்பாங்க. ஆனா அவன் சொந்தத் திறமையால சம்பாதிச்சதுக்கு அது பொருந்தாது. விளையாடிச் சம்பாதிச்ச பரிசுப் பணம் அவன் கணக்குல, அவன் பேர்லதான். அதனால இப்பவே பான் கார்டு எடுத்துடுங்க. ஆனா அந்தப் பணத்தை எஃப்டி-ல போட்டு வர்ற வட்டி திரும்பவும் பெற்றோர் வருமானத்துல சேரும். ஆமா, சட்டம் அப்படித்தான் வளைஞ்சு வளைஞ்சு போகும்.

தங்கச்சி விளையாடுறாங்கன்னா

இதுவரைக்கும் தம்பி தம்பின்னே எழுதிட்டேன். தங்கச்சிக்கு விஷயம் வேற. அவங்க தப்பே பண்ணாம சீட்டு போகலாம்.

ஒரு மேட்ச் போட்டோ. ஷார்ட்ஸ் போட்டு ஆடின, பெருமையான போட்டோ. அதை எவனோ எடுத்து மாத்தி, மோசமா ஒரு அக்கவுண்ட்ல போடறான். ஊருக்குள்ள நாலு பேர் பார்க்கிறாங்க. அப்பா காதுக்குப் போகுது. அவர் எடுக்கிற முதல் முடிவு என்னவா இருக்கும்? "இனி விளையாட்டு வேண்டாம்மா, இங்க பக்கத்துலயே ஏதாவது காலேஜ்ல சேர்." தப்பு பண்ணவன் ஜாலியா சுத்துவான், எட்டு வருஷம் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஓடின பொண்ணுக்குத் தண்டனை. இப்படி நின்னுபோன விளையாட்டு எவ்வளவுன்னு யாரும் கணக்கு எடுக்கிறது இல்ல.

அதனால அப்பாகிட்ட இப்பவே, எதுவும் நடக்காதபோதே பேசி வைக்க வேண்டிய ஆள் நீங்க. "அப்படி ஏதாவது வந்தா அவ மேல தப்பு இல்லப்பா, நான் பார்த்துக்கிறேன்"னு ஒரு வார்த்தை. வீட்டுல சம்பாதிக்கிறவங்க சொன்னா அதுக்கு ஒரு எடை இருக்கு. அந்த எடையை இதுக்குப் பயன்படுத்துங்க. நடந்துட்டா, ஸ்கிரீன்ஷாட்டும் லிங்க்கும் எடுத்து வெச்சுட்டு தேசிய சைபர் கிரைம் இணையதளத்துல புகார் கொடுங்க. பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாரைப் பேர் சொல்லாமலும் கொடுக்கலாம். வயசு 18-க்குக் கீழன்னா போக்சோவும் வரும். ஸ்டாப்என்சிஐஐ, 18-க்குக் கீழன்னா டேக் இட் டவுன்னு ரெண்டு இலவச வசதி இருக்கு. படம் உங்க போனை விட்டு வெளிய போகாமலே அதோட அடையாளத்தை மட்டும் வெச்சு, அதுல சேர்ந்திருக்கிற தளங்கள்ல அது பரவாம தடுக்கும். மிரட்டிப் பணம் கேட்டா ஒரு ரூபாய் கூட அனுப்பாதீங்க. அனுப்பினா இன்னும் கேப்பாங்க.

தோத்த அன்னைக்கு வர்ற வசவும் இதே ரகம்தான். 2021 அக்டோபர்ல பாகிஸ்தான்கிட்ட தோத்தப்போ முகமது ஷமியை எப்படித் திட்டினாங்கன்னு பார்த்தோம். அவ்வளவு பெரிய ஆளுக்கே அப்படி. மேட்ச் அன்னைக்கு ஆப்பை போன்ல இருந்து எடுத்துட்டா, மறுநாள் திரும்பப் போட்டுக்கலாம். ஒண்ணும் குறையாது.

வெளிநாடு போற யோசனை இருந்தா

ஸ்குவாஷ், டென்னிஸ், நீச்சல் ஆடுற பசங்க சில பேர் அமெரிக்கக் கல்லூரி ஸ்காலர்ஷிப்புக்கு முயற்சி பண்றாங்க. விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்துல கடந்த அஞ்சு வருஷமா பயன்படுத்தின சோஷியல் மீடியா ஐடி எல்லாத்தையும் எழுதணும். 2025 ஜூன்ல இருந்து மாணவர் விசா கேக்கிறவங்க அக்கவுண்ட்டைப் பப்ளிக்கா மாத்தி வைக்கணும்னு சொல்லிட்டாங்க. எட்டாம் வகுப்புல ஆரம்பிச்சு மறந்துபோன ஐடியும் கணக்குல வரும். விட்டுட்டா விசா மறுக்க அதுவே காரணம் ஆகலாம். பழைய ஐடியெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வைக்கச் சொல்லுங்க.

ஒரு சாயங்காலம் உட்காருங்க

சித்திரையில வீரபாண்டி திருவிழாவுக்கு எப்படியும் ஊருக்குப் போவீங்க. ராட்டினம் சுத்தி முடிச்சுட்டு வந்து, ஒரு ரெண்டு மணி நேரம் தம்பியோட உட்காருங்க. பாஸ்வேர்டு கேக்காதீங்க. போனைப் பிடுங்காதீங்க. பிடுங்கினா ரெண்டாவது அக்கவுண்ட் ஒண்ணு ஆரம்பிப்பான், அது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

முதல்ல உங்க அக்கவுண்ட்டைத் திறந்து காட்டுங்க. நிஜமாத்தான் சொல்றேன். "அண்ணே, 2016-ல நீங்க போட்ட ஸ்டேட்டஸைப் பாருங்க"ன்னு அவன் சிரிக்கட்டும். உங்க கம்பெனி ஹெச்ஆர் அதைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அவன் பார்த்தது நல்லதுதான். அப்புறம் அவன் தானா அவனோடதைத் திறப்பான்.

இன்ஸ்டாகிராம்ல "யுவர் ஆக்டிவிட்டி"ன்னு ஒரு பகுதி இருக்கு. பழைய கமெண்ட், லைக், போஸ்ட் எல்லாம் அங்க மொத்தமா வரும், தேர்ந்தெடுத்து ஒரேயடியா அழிக்கலாம். ஆபத்து பெரும்பாலும் கமெண்ட்லதான் இருக்கும், அவன் மறந்தே போயிருப்பான். மத்தவங்க டேக் பண்றது அவன் அனுமதிச்சா மட்டும் காட்டுற மாதிரி செட்டிங் மாத்துங்க. ஆதார், ஹால் டிக்கெட், பிறந்த தேதியோட ஸ்போர்ட்ஸ் சர்டிபிகேட்னு பெருமையா போட்ட போட்டோ இருந்தா எடுத்துடுங்க. கப்போட நிக்கிற போட்டோ போதும். அழிக்கிறதுக்கு முன்னாடி டேட்டாவை ஒரு காப்பி டவுன்லோட் பண்ணிக்கோங்க. ஒருவேளை ஏதாவது புகாரோ வழக்கோ ஏற்கனவே இருந்தா எதையும் தொடாதீங்க, முதல்ல வக்கீலைப் பாருங்க. ஆதாரத்தை அழிச்சதா ஆகிடும்.

ஐடி பேர்ல "ரவுடி", "கெத்து", ஊர்ப் பேரோட ஒட்டின சாதிப் பேரு இருந்தா மாத்தச் சொல்லுங்க. அவனோட முழுப் பேரு, விளையாட்டு, அவ்வளவு போதும். மெயில் ஐடியும் அதே மாதிரி. அட்மிஷன் படிவத்துல அந்த மெயில் ஐடியைத்தான் எழுதப் போறான்.

கடைசியா அக்கவுண்ட்டோட மேல மூணு வீடியோ பின் பண்ண இடம் இருக்கு. எந்த மூணுன்னு அவனே முடிவு பண்ணட்டும். நீங்க ஒண்ணே ஒண்ணு கேளுங்க: ஒவ்வொண்ணுலயும் போட்டி பேரு, தேதி, இடம், அவனோட ஜெர்ஸி நம்பர் இருக்கணும். கபடின்னா வெட்டாத முழு ரெய்டு, கூடைப்பந்துன்னா ஸ்கோர் பண்ணது மட்டும் இல்லாம டிஃபென்ஸ் ஆடினதும். கோச் பார்க்கிறது அதைத்தான். பின்னணியில பாட்டு வேண்டாம்னு சொன்னா கொஞ்சம் முறைப்பான், விடுங்க, பாட்டு இருந்துட்டுப் போகட்டும்.